ரங்கான் இரண்டாவது முறை செத்தது

நான் இதுவரை சொன்ன பொய்களைக் கரணையாக வெட்டி நட்டிருந்தால் இந்நேரம் ஊசிக்கரட்டுப்பாளையத்தில் ஒரு ஆலைக்குப் போதுமான கரும்பு நின்றிருக்கும். கரட்டு உச்சியில் முதலை ஏறிப் படுத்து வெயில் காய்ந்ததும், என் மாமனார் போட்ட ஒரே தும்மலில் கிணற்றுத் தண்ணீர் மேட்டுக்கு வந்ததும் நான் சொல்லித்தான் இந்த ஊருக்குத் தெரியும். அதனால் ரங்கானைப் பற்றி நான் வாயெடுத்தால் கிழவன் ஆரம்பித்துவிட்டான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் இதில் என் பொய் ஒன்றே ஒன்றுதான், அதை எந்த இடத்தில் போட்டேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ரங்கான் வைகாசியில் செத்தான், ஆவணியில் வேலைக்கு வந்தான்.

செத்தது சென்னியப்பனின் கரும்புக்காட்டில். பன்னிரண்டு ஏக்கர், வாய்க்காலை ஒட்டிய மண், அந்தப் பக்கமெல்லாம் அவரைப் பண்ணாடி, அதாவது எசமான், என்று காலனிக்காரர்கள் கூப்பிடுவார்கள், நாங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் பண்ணாடி என்றே சொல்லிச் சிரிப்போம், முகத்துக்கு நேரே எழுந்து நிற்போம். கோடை மழை முதல் தடவை பெய்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு வண்டுகள் கிளம்பி வேப்பமரங்களில் அப்பிக்கொள்ளும், இலையைத் தின்னும், ஜோடி சேரும், திரும்ப மண்ணில் இறங்கி முட்டை வைக்கும். அந்த முட்டையிலிருந்து வருவதுதான் வெள்ளைப்புழு, அரைவட்டமாகச் சுருண்டு, பால் நிறத்தில், பழுப்புத் தலையோடு, கரும்பின் வேரைத் தின்றுகொண்டு கிடக்கும். மேலே தோகை மஞ்சளாகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்த அன்றைக்குப் போய்க் கரும்பைப் பிடித்து இழுத்தால் வெங்காயத்தாள் மாதிரி கையோடு வரும். அதற்குத்தான் குருணை மருந்து. மணலில் கலந்து, இரும்புச் சட்டியில் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, கரும்பின் அடியில் சால் சாலாக வீசிக்கொண்டே போக வேண்டும். அந்த மருந்து என் கடையில் விற்றது. இந்த ஊரின் மருந்துக்கடைக்காரன் நான்தான்.

வேளாண்மை ஆபீசர் ஒரு பெண், மணிமொழி என்று பெயர், வண்டியின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வந்து கையுறை கொடுத்தது. சென்னியப்பன் காட்டில் மருந்து போடும் காலனி ஆள் ரங்கான், அதை மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சென்னியப்பன் கழற்றச் சொல்லிவிட்டார்.

"கையுறை போட்டா மருந்து திட்டுத்திட்டா உழுகும். ரங்கான் கை அளவு எவனுக்கு வரும்? அந்தக் கையப் போயி மூடறதா?"

அவர் மட்டும் அல்ல, எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். வெறுங்கைக்குத்தான் குருணை சீராக விழும், விரலுக்கு மருந்து தட்டுப்பட்டால்தான் அளவு தெரியும் என்று சுற்றுப்பட்ட ஊரில் எல்லாம் பேச்சு, அதிலும் ரங்கானின் கை என்றால் தராசு வேண்டாம் என்று நாங்களே அவனைப் புகழ்ந்து புகழ்ந்து அந்தக் கையை மருந்துக்குள் விட்டோம்.

மணிமொழி ஒரு பச்சைப் பொடிப் பொட்டலமும் கொடுத்தது. பூஞ்சாணம். "தொழுவுரத்துல கலந்து, நெழல்ல ஈரமா வெச்சிருந்து, வேருல போடுங்க. புழு மேல முளைச்சு உள்ள எறங்கிக் கொல்லும். செத்த புழுவுல இருந்து அடுத்த புழுவுக்குத் தானாப் பரவும். ஒண்ணே ஒண்ணு, குருணையோட மட்டும் சேத்துப் போட்றாதீங்க. குருணை இதையும் கொன்னுரும்."

"புழு எப்பச் சாவும்?" என்றார் சென்னியப்பன்.

"பதினஞ்சு நாள் ஆவுங்க."

"பதினஞ்சு நாள்ல புழுவுக்குக் கல்யாணமே முடிச்சு வெச்சரலாமே அம்முணி."

நாங்கள் சிரித்தோம். நான்தான் கூடுதலாகச் சிரித்தேன், எனக்குக் குருணை விற்றாக வேண்டும். அவர் அந்தப் பொட்டலத்தை ரங்கானிடம் வீசி எங்காவது கொண்டுபோய்க் கொட்டு என்றார். ரங்கான் கொட்டவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூரை எரவாணத்தில் செருகி வைத்தான்.

அன்றைக்கு உச்சிப்பொழுது வரைக்கும் ஆறு ஏக்கர் போட்டான். சோறு தின்ன உட்கார்ந்தபோது வாய்க்காலில் தண்ணீர் இல்லை, மோட்டார் ரூம் குழாயில் இருந்தது, அந்தக் குழாயைக் காலனிக்காரர்கள் தொடக்கூடாது என்பது சென்னியப்பனின் அப்பா காலத்துச் சட்டம், யாரும் எழுதி வைக்காததால் யாராலும் அழிக்க முடியாத சட்டம். கையை வேட்டியில் துடைத்துவிட்டு உண்டான். கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியது, வாயில் நுரை வந்தது, "கை எரியுது, கை எரியுது" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்தான். சத்தம் கேட்டு ஓடி வந்த நாங்கள் எல்லாரும் நின்று பார்த்தோம். அவனை எந்த வண்டியில் ஏற்றுவது, யார் சீட்டில் உட்கார வைப்பது என்று பேசி முடிப்பதற்குள் முடிந்துவிட்டான். குடித்துவிட்டு வந்து மருந்தடித்தான் என்று போலீஸ் பேப்பரில் எழுதினார்கள். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் தலை சுற்றுகிறது என்று சொல்கிறவன் ரங்கான். அவன் குடித்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு ஆள் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அந்த ஆள் நான். மருந்தால் செத்தான் என்று எழுதினால் என் கடையைப் பூட்டிவிடுவார்கள். நான் சொன்ன அந்த ஒரே பொய் இதுதான்.

அவன் பெண்டாட்டி பூவாள், வாய்க்கால் கரையில் குழி வெட்டியபோது எரவாணத்தில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து அவன் உள்ளங்கையில் அந்தப் பச்சைப் பொடியைக் கொட்டித் தேய்த்தாள். எதற்கு என்று கேட்டார்கள். "எரியுது எரியுதுன்னே போச்சு. இது தொட்டா சில்லுனு இருந்துச்சு" என்றாள். காரணம் இவ்வளவுதான், இதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் வெடியால இருட்டோடு அவள் அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பச்சை, புது வெல்வெட்டுத் துணி மாதிரி மெத்தென்ற பச்சை, முதல் மழை விழுந்த புழுதியின் வாசம். பூவாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டயா? உன்ற செருப்ப உன்ற தம்பி தூக்கிட்டுப் போயிட்டான். வெறுங்காலோடதான் போவோணும்."

அவன் ஆணியில் மாட்டியிருந்த காலிச் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

வாய்க்கால் ஓரத்தில் அர்த்தனாரிக்கு மூன்று ஏக்கர், பாதி மஞ்சளாகிக் கிடந்தது. ரங்கான் அதற்குள் இறங்கிச் சால் சாலாக நடந்தான், கையை வீசி வீசி நடந்தான், சட்டிதான் இல்லை. அவன் கால் வைத்த இடத்தில் எல்லாம் புழுக்கள் தின்பதை நிறுத்தி, விறைத்து, முதலில் வெள்ளையாகப் பூத்து, பிறகு பச்சையாகப் பூத்துச் செத்தன, செத்த புழு பக்கத்துப் புழுவைப் பச்சையாக்கியது, அது அதற்கடுத்ததை. பதினைந்து நாள் எல்லாம் இல்லை, அர்த்தனாரி ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் அவன் நடந்த சால்களில் மண்ணைத் தோண்டினால் பச்சைப் பட்டாணி உதிர்த்த மாதிரி இருந்தது.

ஊர் ஒன்றும் பயந்துவிடவில்லை. புழு சாகிறது என்று தெரிந்த பிறகு யார் பயப்படுவார்கள். டீக்கடையில்தான் முதல் சிக்கல் வந்தது, காலனிக்காரர்களுக்குக் காகிதக் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர் என்று இருந்ததில், செத்தவனுக்கு எதில் ஊற்றுவது என்று அரை நாள் பேசினார்கள். செத்ததால் அவன் சாதி போய்விட்டது என்று ஒரு கட்சி, சாதி உடம்போடுதானே ஒட்டியிருக்கிறது, உடம்பு அப்படியே எழுந்து வந்துவிட்டதே என்று ஒரு கட்சி, கடைசியில் காகிதக் கப்பே முடிவானது. அவன் குடிக்கவில்லை, டீயின் மேல் பச்சை ஆடை கட்டியது. கோயில் பூசாரி, பிணம் நடக்கிற நாள் வரைக்கும் ஊருக்குத் தீட்டு, அவன் மிதித்த காட்டுக்காரர்கள் தலைக்குக் குளிக்க வேண்டும் என்றார். சரி என்று தினமும் குளித்துவிட்டுத் தினமும் அவனைக் கூப்பிட்டார்கள். ரேசன் கடையில் பூவாளின் அட்டையில் அவன் பெயரை மறுபடி சேர்க்கச் சொன்னதற்கு, உயிரோடு இருப்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள், பச்சையாக இருப்பதற்குச் சான்று கொடுக்க எந்த ஆபீசும் இல்லை. மணிமொழி மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது, அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்காகக் கையுறை போட விட்டிருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது.

அப்புறம் தொடங்கியது பாருங்கள் காலனிக்குப் படையெடுப்பு. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவுக்குள் கால் வைக்காதவர்கள் எல்லாம் பூவாளின் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, "ஏனாயா பூவா, நம்ம ரங்கான நாளைக்கு நம்ம காட்டுக்கு அனுப்பறது" என்று குழைந்தார்கள். நம்ம ரங்கானாம். அவன் நுரை கக்கியபோது எவன் வண்டியிலும் இடமில்லாத நம்ம ரங்கான்.

பூவாள் எதுவும் வாங்க மாட்டேன் என்றாள். "பண்ணாடியோட மோட்டார் ரூமு முன்னால, அது சாஞ்ச எடத்துல நின்னு மூணே மூணு பேச்சுச் சொல்லோணும். ரங்கான் குடிச்சுச் சாவல. குருணைய வெறுங்கையில அள்ளிப் போட்டுச் செத்தான். நாங்க பாத்துட்டு நின்னோம். சொல்றவிய காட்டுல நடக்கும்."

முதல் பேச்சை எல்லாரும் சுலபமாகச் சொன்னார்கள். இரண்டாவதை என் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். மூன்றாவதில்தான் இழுத்தடித்தார்கள். அர்த்தனாரிக்கு அரை மணி நேரம் ஆனது, "நான் அன்னிக்கு ஊர்லயே இல்லியே பூவா" என்றான், "இருந்தீங்க, உங்க வண்டியிலதான் எண்ணெய் இல்லைன்னீங்க" என்றாள், சொன்னான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். புழு தின்கிற சத்தம் காதில் கேட்கும்போது மனிதன் உண்மையைக்கூடச் சொல்லிவிடுகிறான். புரட்டாசி முடிவதற்குள் ஊர்க் கரும்பு எல்லாம் கருகருவென்று நிமிர்ந்தது, நடுவில் சென்னியப்பனின் பன்னிரண்டு ஏக்கர் மட்டும் மஞ்சளாய், வெளிறி, காற்றடித்தால் மடமடவென்று சாய்ந்தது. பன்னிரண்டு ஏக்கர் போனால் ஆலையில் அவர் பேச்சு செல்லாது, ஊரிலும் செல்லாது, அதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று பேச்சைச் சொல்லப் போகவில்லை, என் கடைக்குத்தான் வந்தார்.

"என்ற காட்டுல நின்னு நானே கொன்னேன்னு சொல்லோணுமா? அதுவும் அவளுக்கு முன்னால?"

"அப்படிச் சொல்லச் சொல்லலீங்களே, பாத்துட்டு நின்னோம்னுதான்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் கடைக்காரரே" என்றார். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். புரியாதவனை மன்னிக்கலாம்.

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மூட்டை குருணை கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "அவனும் நடக்கட்டும், மருந்தும் உழுகட்டும். ரெண்டுஞ் சேந்தா ரெண்டு மடங்கு." மணிமொழி சேர்க்கக்கூடாது என்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது பொய்யில்லை, வாயைத் திறக்காமல் இருந்தது, அதற்கு என்ன பெயரோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் பூவாள் மேற்கே களையெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவர் வரப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தார். "டேய் ரங்கா."

அவ்வளவுதான். செத்து, மண்ணில் மூன்று மாதம் கிடந்து, பச்சையாய் எழுந்து வந்து, ஊரையே காலனிக்கு நடக்க வைத்தவன், அந்தக் குரலுக்கு அர்த்தனாரியின் காட்டிலிருந்து விடுவிடுவென்று ஓடி வந்தான். பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்கு ஓடிய கால்கள், அவற்றுக்குச் சாவு வந்த சேதி எட்டவில்லை. சட்டியைக் கொடுத்தார். இடுப்பில் வைத்துக்கொண்டான். வெறுங்கையை உள்ளே விட்டான்.

யாரோ போய்ச் சொல்லி, பூவாள் களைக்கொத்தோடு ஓடி வந்து சேர்ந்தபோது ஏறக்குறையப் பன்னிரண்டு ஏக்கரும் முடிந்திருந்தது. அவன் வலது கையில் பச்சை முழங்கை வரைக்கும் உதிர்ந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. மார்பில் திட்டுத்திட்டாகப் போய்க்கொண்டிருந்தது. ஊர் முழுக்க வரப்பில் நின்றது. நானும் நின்றேன்.

"சட்டிய எறக்கி வையி" என்றாள் பூவாள். "போதும். ஊட்டுக்கு வா."

அவன் நின்றான். அவள் பக்கம் திரும்பினான்.

"இன்னும் ரெண்டு சால்தாண்டா ரங்கா," என்றார் சென்னியப்பன், அதட்டாமல், தட்டிக் கொடுக்கிற மாதிரி. "முடிச்சுட்டுப் போயிரு."

அவன் முடித்தான். எனக்கு ஜீரணமாகாதது அதுதான், நான் செத்தாலும் ஜீரணமாகாது. அந்த இரண்டு சாலும் அளவு பிசகாமல், மணி மணியாக, எங்கேயும் திட்டு விழாமல் போட்டு முடித்து, காலிச் சட்டியை வரப்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, மோட்டார் ரூம் சுவரில் போன தடவை சாய்ந்த அதே இடத்தில் சாய்ந்தான். இந்தத் தடவை நுரை வரவில்லை. முதலில் கை உதிர்ந்தது. பிறகு காற்று வந்த பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மற்றதெல்லாம். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது பேச்சை வாயால் சொன்னவர்களும் நின்றார்கள்.

அர்த்தனாரிதான் போலீசுக்குச் சொன்னது. வந்த எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, "ஏற்கனவே செத்தவன் எப்படிம்மா சாவான்? வைகாசியிலயே கேஸ் முடிஞ்சிருக்கு. குடிபோதைன்னு தெளிவா எழுதி, சாட்சி கையெழுத்தும் இருக்கு" என்று பேப்பரைப் பிரித்தார். "யாருய்யா இது, உங்க ஊரு மருந்துக்கடையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூவாள் பார்க்கவில்லை. அவள் குனிந்து, சுவரோரம் மிச்சமிருந்த பச்சைத் தூளைச் சாம்பலிலிருந்து பிரித்துப் பிரித்து முறத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் இருமினேன். ஊரில் எல்லாரையும் வாய் பிளக்க வைக்கிற வாய்க்கு அன்றைக்கு இருமல்தான் வந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

சென்னியப்பனின் காட்டில் மருந்து பச்சையைக் கொன்றது, மருந்துக்குப் பழகிப்போன புழுக்களை ஒன்றும் செய்யவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு சின்னக் காற்று அடித்தது, துணி உலர்த்தக்கூடப் போதாத காற்று, பன்னிரண்டு ஏக்கரும் ஒரே பக்கமாகப் படுத்தது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு தூரிலும் ஒரு வேர் இல்லை.

அன்றைக்குத்தான் பூவாள் என் கடைக்கு வந்தாள். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மடியிலிருந்து ஒரு சிறு முடிச்சை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சொன்னவியளுக்கெல்லாம் ஆளுக்கொரு புடி குடுத்தாச்சுங்க. தொழுவுரத்துல கலந்து வெச்சிருக்கறாங்க, வருசா வருசம் அதுபாட்டுக்குப் பெருகுமாம், அந்த ஆபீசரம்மா சொல்லுச்சு. இது ஒரு சிட்டிகை மிச்சம்."

"எனக்குக் கரும்பில்லையே பூவா."

"தெரியுமுங்க. அதான் வந்தேன். பயிருக்காகச் சொன்னவியதான் அத்தன பேரும். ஒண்ணுமில்லாமச் சொல்றதுக்கு ஒரு ஆளாவது இருக்குதான்னு பாக்க வந்தேன்."

நான் கல்லாவைப் பார்த்தேன், அடுக்கைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "ரங்கான் குடிச்சுச் சாவல. என்ற கடைக் குருணைய வெறுங்கையில அள்ளிப் போட்டுச் செத்தான். நான் பாத்துட்டு நின்னேன். குடிச்சிருந்தான்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

"சத்தமாச் சொல்லுங்கோ. ரோட்டுல போறவியளுக்குக் கேக்குல."

மறுபடி சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் வலது கையை எட்டிப் பிடித்து, கையெழுத்துப் போட்ட கையை, உள்ளங்கையைப் பிரித்து, அந்தச் சிட்டிகையைக் கொட்டித் தேய்த்தாள். சில்லென்று இருந்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள், என்னை மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்கு வரைக்கும் குருணைப் பொட்டலம் அத்தனையும் பச்சையாகப் பூத்துவிட்டது. கடையை மூடினேன். அந்தப் பேப்பரை மாற்றி எழுதச் சொல்லி ஐந்து மனு கொடுத்துவிட்டேன். இந்தக் கையால் எழுதினால் தாள் பச்சை பிடித்துவிடுகிறது, எழுத்து தெளிவாக இல்லை என்று ஐந்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஆறாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னியப்பன் இன்னும் இருக்கிறார். படுத்த கரும்பைப் பார்த்தபடி மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து டவுனில் மருந்து வாங்குகிறார், வாயைத் திறக்கவில்லை. நான் தினமும் வெடியால அங்கே போய் அந்தக் குழாயைத் திறந்து இந்தக் கையைக் கழுவிவிட்டு, அவர் காதில் விழும்படி எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டு வருகிறேன். கழுவினாலும் பச்சை போவதில்லை.

கிழவன் அளக்கிறான் என்று நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால் வரலாம். கையை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், பிடித்துக் குலுக்கிப் பார்க்கட்டும். இதுவரைக்கும் ஒருத்தரும் வரவில்லை.